ஆற்றங்கரைக் கூடாரமும் அடியேன் தலைமையும்

இனி என் பயணங்களில் புளியோதரை ஏறாது என்று நான் சபதம் செய்தது டெல்லி சரோஜினி நகர் மார்க்கெட்டில், ஒரு ஸ்வெட்டர் கடை வாசலில். உள்ளே என் மனைவி சுந்தரவல்லி பேரம் பேசிக்கொண்டிருந்தாள். வெளியே நான் பைகளோடு நின்றிருந்தேன். ஆண்களின் பெரிய சபதங்கள் எல்லாம் கை நிறையப் பையோடு நிற்கும்போதுதான் பிறக்கின்றன.

காரணம் இருந்தது. போன வருஷம் ஹரித்துவார் போனபோது எங்கள் மூட்டைகளைப் பார்த்த டிக்கெட் பரிசோதகர், "டிரான்ஸ்ஃபரா சார்?" என்று அனுதாபத்தோடு விசாரித்தார். பிரஷர் குக்கர், ஸ்டவ், காபி பில்டர், ஊறுகாய் ஜாடி, தயிர்த் தூக்கு. கங்கையில் முங்கி எழுந்தபோதுகூட என் கையில் மிளகாய்ப்பொடி டப்பா இருந்தது. நான் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். எனக்குக் கீழே ஒரு செக்‌ஷனே நடுங்குகிறது. பெயர் சேஷன். டப்பா தூக்குகிற பெயரா இது?

வீட்டுக்கு வந்ததும் அறிவித்தேன்.

"சுந்தரி, நம்ம காலனி ஆட்களோட ஒரு டூர். ராஜஸ்தான் பாலைவனத்துலே, ஆத்தங்கரையிலே, சொகுசுக் கூடாரம். கட்டில், மெத்தை, கண்ணாடி வெச்ச பாத்ரூம், எல்லாம் கூடாரத்துக்குள்ளேயே. போறதுக்கு வீட்டு வண்டி. பஸ்ஸுக்குள்ளே படுக்கை, சோபா, ஃப்ரிட்ஜ். ஏற்பாடெல்லாம் நான்."

"நீங்களா?"

"நானேதான்."

"சாப்பாடு?"

"கேம்ப்லே சமையல்காரர் இருக்கார். நம்மாத்துலேர்ந்து ஒரு டப்பா வரப்படாது. ஒரு பாட்டில் வரப்படாது."

சுந்தரவல்லி ஸ்வெட்டரை மடித்து வைத்தாள். அவள் எதையாவது நிதானமாக மடித்து வைத்தால் அடுத்து எனக்கு ஏதோ காத்திருக்கிறது என்று அர்த்தம்.

"அப்படியே ஒரு பந்தயம் வெச்சுக்கலாமா?" என்றாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மத்திய அரசு ஊழியனுக்கு நாலு வருஷத்துக்கு ஒரு முறை, குடும்பத்தோடு இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போய்வர சர்க்காரே செலவு கொடுக்கும். எங்கு வேண்டுமானாலும் என்றால் எங்கள் வீட்டு அகராதியில் கும்பகோணம். அங்கே என் மைத்துனர் கோபாலன் இருக்கிறார். தினமும் சாயங்காலம் என்னைக் கடைத்தெருவில் ஊர்வலம் விட்டு, "மாப்பிள்ளை டெல்லியிலே குமாஸ்தா" என்று வெற்றிலைக் கடைக்காரர் வரைக்கும் அறிமுகப்படுத்துவார். செக்‌ஷன் ஆபீசர் என்று நான் திருத்தினால், "அதேதான், அதேதான்" என்பார். இந்த முறை காங்டாக் போய்ப் பனியில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வாழ்நாள் ஆசை.

"நீ தோத்தா காங்டாக்" என்றேன்.

"நீங்க தோத்தா கும்பகோணம். யாரோட பெட்டியிலேர்ந்து ஆத்துச் சாமான் வெளியிலே வரதோ அவா தோத்தவா. சரியா?"

"சரி. ஒரு கடுகு வந்தாலும் தோல்விதான்!"

எவ்வளவு கம்பீரமாகச் சொன்னேன் தெரியுமா? இன்னொரு முறை சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது.

அடுத்த வாரம் சனிக்கிழமை விடியற்காலையில் வீட்டு வண்டி காலனி வாசலுக்கு வந்துவிட்டது. மூன்று குடும்பம். நாங்கள், எங்கள் பெண் ரோஹிணி. எதிர் பிளாக் ராமசுப்ரமணியன் தம்பதி. அவர் திருநெல்வேலிக்காரர், காலையில் முதல் டம்ளர் காபி உள்ளே போகிறவரை அவரை மனித இனத்தில் சேர்க்க முடியாது. மூன்றாவது, மதுரைப் பக்கத்துப் பெரியண்ணன், அவர் மனைவி அம்சவேணி. பெரியண்ணன் எந்தப் பிரச்சினையிலும் நடுநிலை வகிப்பார். அதனால் அவரைப் பந்தயத்துக்கு நடுவராகப் போட்டேன்.

வண்டியில் ஏறுமுன் எல்லோர் பெட்டியையும் வரிசையாக வைத்து, விமான நிலையத்தில் செய்வது போல நானே சோதனை போட்டேன். ராமசுப்ரமணியன் பையில் ஒரு நார்த்தங்காய்ப் பாட்டில் அகப்பட்டது. வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன்.

"ஓய், அது எங்க அம்மா போட்ட நார்த்தங்காய்!"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் ஓய்."

சுந்தரவல்லியின் பையைத் திறந்தேன். மேலே என் வேட்டி, என் சட்டைகள், என் பனியன். அதற்குக் கீழே அவள் புடவை இரண்டு. அவ்வளவுதான். தன் பையிலும் புருஷன் துணிக்கே முதல் இடம் கொடுத்திருக்கிறாளே என்று நெஞ்சு விம்மியது.

"சார், உங்க சூட்கேஸு?" என்றார் பெரியண்ணன்.

"என்னோடதா?"

"ஆமா சார், நடுவர்னா எல்லாத்தையும் பாக்கணும்ல?"

"பெரியண்ணன், சட்டம் போட்டவனே நான். என் பெட்டியைச் சந்தேகப்படறது சட்டத்தையே சந்தேகப்படற மாதிரி."

"அச்சா, விடுங்க சார்" என்று அவர் ஒதுங்கினார். சுந்தரவல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் கம்பீரம் அவளுக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்தேன்.

ஜோத்பூரெல்லாம் தாண்டிப் போனோம். வண்டி சுகமாகத்தான் போயிற்று. ஒரே ஒரு குறை. கேம்ப்புக்கு ஒரு மைல் இருக்கும்போது மணலில் சக்கரம் புதைந்து, டிரைவர் இறங்கி வானத்தைப் பார்த்தார். "இதுக்கு மேலே நடந்து போங்க சாப்" என்று அவர் இந்தியில் சொன்னதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைவன் தயங்கலாமா? என் சூட்கேஸைத் தூக்கினேன். தூக்க முடியவில்லை. குளிருக்குக் கம்பளியாய் அடைத்து வைத்திருக்கிறாள், புண்ணியவதி.

"நான் ஒரு கை பிடிக்கட்டுமா?" என்றாள் சுந்தரவல்லி.

"நகரு!"

தலையில் ஏற்றிக்கொண்டேன். மணலில் ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் போயிற்று. உள்ளே ஏதோ கடகடவென்றது. என் கழுத்து எலும்பாக இருக்கும் என்று நினைத்தேன். பின்னால் அம்சவேணி, "சேஷன் சாருக்கு என்னா பலம்க்கா!" என்று சொன்னது காதில் விழுந்தது. இன்னொரு மைல்கூடப் போயிருப்பேன்.

கேம்ப் பிரமாதம். வெள்ளைக் கூடாரங்கள். உள்ளே கம்பளம், கட்டில், வெந்நீர்க் குழாய். ஆறுதான் கொஞ்சம் தகராறு செய்தது.

"பப்பா, நதி மே பானி கஹான் ஹை?" என்றாள் ரோஹிணி.

"தமிழ்லே கேளு."

"அப்பா, ஆத்துலே தண்ணி எங்கே?"

மொழிதான் மாறிற்று, தண்ணீர் வரவில்லை. பரந்த மணல். நடுவில் கணுக்கால் ஆழத்துக்கு ஒரு ஓடை. சுந்தரவல்லி விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்புக் கரிக்கறது. பேஷ், பேஷ். குழம்புக்குத் தனியா உப்புப் போட வேண்டாம்."

"இது லூனி ஆறு. அதோட சுபாவமே அதான்" என்று அந்த ஆற்றை நானே வெட்டியது போலப் பெருமையாகச் சொன்னேன்.

ராத்திரி இஸ்மாயில் பாய் விருந்து போட்டார். கேம்ப் சமையல்காரர். தங்கமான மனுஷர். பருப்பு, நெய், பாட்டி. பாட்டி என்றால் கோதுமை மாவு உருண்டையைத் தணலில் சுட்டது. உடைத்து, நெய்யில் முக்கிச் சாப்பிட்டால் அமிர்தம். உடைக்க வேண்டும், அவ்வளவுதான். ராமசுப்ரமணியன் ஒன்றைக் கீழே போட்டார். தரைக்கு வலித்திருக்கும்.

"எப்படி ஓய் இருக்கு?"

"இருக்கு ஓய். வயித்துலே வேற எதுக்கும் இடமில்லாம இருக்கு."

மறுநாள் காலை எல்லோருக்கும் இஞ்சி டீ வந்தது. ராமசுப்ரமணியன் அதைப் பார்த்த பார்வையில் டீ ஆறிவிட்டது. கூடவே மிளகாய் பஜ்ஜி. மத்தியானத்துக்கும் பாட்டியே என்று இஸ்மாயில் பாய் சிரித்த முகத்தோடு சொன்னதும் கலகம் வெடித்தது.

"ஓய் சேஷன், நெத்தி தெறிக்குது. ஒரு வாய் காபிக்கு வழி உண்டா, இல்லையா?"

"கொஞ்சம் பொறும்..."

"ஒரு பிடி தயிர் சாதம்? நார்த்தங்காயை வாட்ச்மேன்கிட்டே கொடுத்தீரே, அவன் தின்னிருப்பான்! பெரியண்ணன், வண்டி மணலை விட்டு வந்திருச்சா? சாயங்காலமே கெளம்பிருவோம்."

"நாளைக்குன்னுதானே ஏற்பாடு?" என்றேன்.

"என்ன சார் ஏற்பாடு?" என்று பெரியண்ணனே நடுநிலை தவறினார். "அம்சவேணி காலையிலேர்ந்து அரிசியை நெனச்சு அழுவுறா சார்!"

ஒருத்திதான் கலகத்தில் சேரவில்லை. சுந்தரவல்லி பாட்டியை நெய்யில் தோய்த்து, "ரொம்ப நன்னா இருக்கே! காங்டாக்லே இதெல்லாம் கிடைக்குமோ?" என்றாள். அவளுக்குத் தோற்கிற பயம் வந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். ஆனால் பயணம் பாதியில் திரும்பினால் என் தலைமை என்ன ஆகும்? காலனி முழுக்கச் சிரிக்கும். செக்‌ஷன்வரை செய்தி போகும். மனசு கனத்தது. துண்டை எடுத்துக்கொண்டு ஆற்றில் உட்காரப் போனேன். கணுக்கால் ஆழத்தில் வேறென்ன செய்வது?

திரும்பி வரும்போது காற்றில் ஒரு வாசனை. பில்டர் காபி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாலைவனத்தில் மனிதனுக்குக் கானல் நீர் தெரியும் என்பார்கள். எனக்குக் கானல் காபி என்று நினைத்தேன்.

கேம்ப்பே கை தட்டியது. ராமசுப்ரமணியன் டம்ளரும் டவராவுமாக ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். பாதி காபி என் முதுகில் போயிற்று.

"மகானுபாவா! உம்மைப் போயி என்னெல்லாம் சொல்லிப்பிட்டேன்!"

"என்ன ஓய் ஆச்சு?"

கூடாரத்து வாசலில் மேஜை போட்டிருந்தது. அதன்மேல் என் சூட்கேஸ், வாயைப் பிளந்துகொண்டு. அதற்குள்ளிருந்து வெளியே வந்திருந்தவை பில்டர், டம்ளர், டவரா, ஐ.என்.ஏ. மார்க்கெட் காபிப் பொடி, பிரஷர் குக்கர், பொன்னி அரிசி, புளிக்காய்ச்சல் பாட்டில் இரண்டு, அப்பளம், மிளகாய்ப்பொடி. கம்பளி என்று ஒரு நூல்கூட இல்லை. அடுப்படியில் இஸ்மாயில் பாயே புளியோதரை கிளறிக்கொண்டிருந்தார்.

சுந்தரவல்லி கை கூப்பாத குறையாகப் பேசினாள்.

"எங்காத்துக்காரர் யாருக்கும் சொல்லாம இத்தனையும் தன் பெட்டியிலே வெச்சு, தன் தலையிலேயே சுமந்துண்டு வந்திருக்கார். கடைசி நிமிஷத்துலே ஆச்சரியப்படுத்தணும்னு இருந்தார் போலிருக்கு. நான்தான் அவசரப்பட்டுத் திறந்துட்டேன்."

"சாருன்னா சார்தான்!" என்றார் பெரியண்ணன். "அதான் சோதனை போட விடலையா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பக்தியோடு பார்த்தார்கள். இதுவரை என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை. நான் என்ன சொல்ல முடியும்? என் பெட்டியில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது என்றா? குளித்துவிட்டு வந்தால் கட்டில்மேல் வேட்டி சட்டை இருக்கும். அது எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்று கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்ததே இல்லை என்றா? ரோஹிணிகூட, "பப்பா, யூ ஆர் கிரேட்!" என்றுவிட்டாள். தொண்டையைச் செருமினேன்.

"நண்பர்களே, கட்டுப்பாடு வேணும்தான். ஆனா தன்னை நம்பி வந்தவங்க பசியைத் தலைவன் முன்கூட்டியே நினைக்கணும். ஆமாம், எல்லாம் நான் கொண்டு வந்ததுதான். ஒவ்வொரு டப்பாவும் என் யோசனைதான்!"

பலத்த கைதட்டல். புளியோதரை முதல் கரண்டி எனக்கு. அப்படி ஒரு புளியோதரையை நான் சாப்பிட்டதில்லை. வாய் முழுக்கப் பெருமையோடு சாப்பிட்டேன்.

இரண்டாவது கரண்டியைப் போட்டுக்கொண்டே சுந்தரவல்லி பெரியண்ணன் பக்கம் திரும்பினாள்.

"நடுவர் சார், ஒரு சின்ன சந்தேகம். யாரோட பெட்டியிலேர்ந்து ஆத்துச் சாமான் வந்ததோ..."

பெரியண்ணன் அப்பளத்தைக் கீழே வைத்தார். சூட்கேஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அடடா. சார், நீங்களே ஒத்துக்கிட்டீங்களே. ஒவ்வொரு டப்பாவும்னு வேற சொன்னீங்க."

"அது வந்து..."

"அப்ப உங்களுது இல்லையா சார்?"

மறுபடி எல்லோரும் பார்த்தார்கள். ராமசுப்ரமணியன் கையில் இரண்டாம் டம்ளர் காபி அந்தரத்தில் நின்றது.

"என்னுதுதான்" என்றேன்.

கொஞ்சம் தள்ளி அவளைத் தனியாகப் பிடித்தேன்.

"ஏண்டி, நடுவிலே நான் பெட்டியைத் திறந்திருந்தா?"

"என்னிக்குத் திறந்திருக்கேள்?"

"சரி, இப்போ எல்லார் முன்னாடியும் இது என்னுது இல்லேன்னு சொல்லியிருந்தா?"

"நாலு பேர் கை தட்டறச்சே நீங்க எதையாவது இல்லேன்னு சொல்லுவேளா?"

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உண்மையைச் சொன்னால், பெருமையாகத்தான் இருந்தது. அமைச்சகத்தில் எத்தனையோ மேலதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். என்னை இவ்வளவு துல்லியமாக எடை போட்டவர் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் ஆண்மகன். கடைசி வார்த்தை என்னுடையதாக இருக்க வேண்டாமா? எல்லோர் முன்னாலும் போய் நின்றேன்.

"நண்பர்களே, பந்தயத்துக்காக இல்லை. நானே யோசிச்சு, நானே முடிவு பண்ணி, இந்த வருஷம் என் குடும்பத்தைக் கும்பகோணத்துக்கு அழைச்சிண்டு போறேன்!"

"பாத்தேளா எங்காத்துக்காரரை?" என்றாள் சுந்தரவல்லி. "எல்லாரும் ஜோராக் கை தட்டுங்கோ!"

தட்டினார்கள். நான் குனிந்து கும்பிட்டேன்.