ரோசலின் ஆன்ட்டியோடு சதுப்பில் மூன்று மணி நேரம்

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது முப்பத்தோராவது வயதில். அதுவும் உடம்பு இளைக்க அல்ல, கல்யாணம் ஆவதற்காக.

ஸ்டெல்லாவும் நானும் நான்கு வருடமாகப் பழகிக்கொண்டிருந்தோம். என் வீட்டு அலமாரியில் மாரியம்மன், அவள் வீட்டு அலமாரியில் மாதா. ஆனால் சிக்கல் அது இல்லை. சிக்கல் அவளுடைய அம்மா ரோசலின் ஆன்ட்டி. இருபத்தாறு வருடம் சிங்கப்பூரில் பேருந்து ஓட்டி, வண்டியில் ஒரு கீறல்கூட விழாமல் ஓய்வு பெற்றவர். கணவர் போன பிறகு மகளைத் தனியாளாக வளர்த்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே ஒரு சைக்கிள் வாங்கித் தீவைச் சுற்றத் தொடங்கினார். சில மாதங்களில் தீவு போதவில்லை. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் நார்ஃபோக் என்று ஓர் இடம். கரையோரம் சதுப்பு நிலம், உள்ளே போனால் மேடும் பள்ளமுமாக வயல்வெளி. அங்கே நான்கு நாள் சைக்கிள் பயணம் போவதென்று முடிவு செய்தார்.

"அந்தத் தம்பியையும் வரச் சொல்லு. நாலு நாள் கூட இருந்து பாத்துட்டு என் முடிவச் சொல்றேன்" என்றாராம் மகளிடம்.

"நீ சைக்கிள் ஓட்டுவேல்ல?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.

"சின்ன வயசுலேர்ந்து ஓட்டுறேன் லா" என்றேன், சிங்கப்பூர்க்காரனின் 'லா'வை அழுத்தி. (சின்ன வயதில் நான் ஓட்டியது மின்தூக்கியை மட்டும்தான், அதுவும் பொத்தானை அழுத்தி.)

பயணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. பூங்காப் பாதையில் பொடிசுகளோடு சேர்ந்து விழுந்து எழுந்து ஒருவாறு கற்றுக்கொண்டேன். மேடு ஏறிப் பழக வேண்டுமே, அதற்கு எங்கே போவது? எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு எதிரே ஐந்து மாடி கார் பார்க் இருந்தது. அதன் சரிவுப் பாதையில் சனி, ஞாயிறுகளில் ஏறி ஏறி இறங்கினேன். ஐந்தாவது மாடியைத் தொட்டதும் இமயத்தைத் தொட்டவன் போல் கையை உயர்த்துவேன். இது போதாதென்று, "வழி போடுற வேலைய எங்கிட்ட விட்டுடுங்க ஆன்ட்டி" என்று வேறு சொல்லிவைத்தேன். துவாஸ் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கில் லாரிகள் போகும் வழியைத் திட்டமிட்டுக் கொடுப்பதுதான் என் உத்தியோகம். லாரிக்குப் போடத் தெரிந்தவனுக்குச் சைக்கிளுக்குப் போடத் தெரியாதா என்ற திமிர்.

நார்ஃபோக் தட்டையான ஊர் என்று இணையத்தில் எழுதியவரை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் காலையிலேயே நிலம் எழும்பியது. ஒரு மேடு முடிந்தால் இறக்கம், இறக்கம் முடியும் முன்பே அடுத்த மேடு. ஆன்ட்டி காலை நீட்டி நிதானமாக மிதித்துக்கொண்டு போவார். ஸ்டெல்லா பின்னால் போவாள். நான் பாதி மேட்டில் இறங்கி, "போட்டோ எடுத்துட்டு வரேன்" என்று கத்திவிட்டுத் தள்ளிக்கொண்டு வருவேன். அன்று மதியத்துக்குள் நூற்று நாற்பது போட்டோ எடுத்திருந்தேன். பெரும்பாலும் வேலிச்செடி.

ஆனால் எந்த மேடு என்று நினைவில்லை, ஒன்றின் உச்சியில் உண்மையாகவே நின்றுவிட்டேன். அறுவடை முடிந்த வயல்கள் உதறிப் போட்ட போர்வை மாதிரி அலை அலையாகக் கடல்வரை போயின. நடுவே கல்லால் கட்டிய ஒரு தேவாலயக் கோபுரம், அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு வீடுகள், அவ்வளவுதான் ஊர். மேகத்தின் நிழல் ஒன்று வயல் வயலாகத் தாண்டி எங்களை நோக்கி வந்தது. மேக நிழல் நடந்து வருவதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. வாயைத் திறந்தபடி நின்றேன். அன்று போனை வெளியே எடுக்கவே தோன்றாத ஒரே மேடு அதுதான்.

மூன்றாம் நாள் ஸ்டெல்லாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. அவள் சைக்கிளை விடுதியிலேயே விட்டுவிட்டு, மூட்டைகளோடு பேருந்தில் அடுத்த ஊருக்குப் போய்விட்டாள். ஆன்ட்டியும் நானும் மட்டும் கிளம்பினோம். வரைபடத்தில் சதுப்பைக் குறுக்காக வெட்டிக்கொண்டு ஒரு மண்பாதை தெரிந்தது. சுற்றிப் போனால் பதினோரு கிலோமீட்டர், இதில் மூன்றுதான். என் தொழில் திறமையைக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

பாதையின் தொடக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மரப்பலகை. கடல் ஏறும் நேரத்தில் பாதை மூழ்கும், நேரம் பார்த்துப் போகவும் என்று எழுதியிருந்தது. படித்தேன். நன்றாகவே படித்தேன். ஆனால் நான் வளர்ந்த ஊரில் ஒரு மழைநீர்க் குட்டை இருந்தாலே சுற்றிலும் கம்பி கட்டி, ஆரஞ்சு நிறக் கூம்பு வைத்து, நான்கு மொழியில் எழுதிப் போடுவார்கள். இங்கே கதவு இல்லை, சங்கிலி இல்லை, ஒரு கூம்புகூட இல்லை. உண்மையிலேயே ஆபத்தாக இருந்தால் இப்படியா விட்டிருப்பார்கள்? சைக்கிளைப் பாதையில் இறக்கினேன்.

பாதி தூரத்தில் ஒரு புல் மேடு. அங்கே நிறுத்தியது என் தவறு, ஆனால் நிறுத்தாமல் யாராலும் போயிருக்க முடியாது. எங்கள் ஊரில் வானம் இரண்டு புளோக்குக்கு நடுவே துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். இங்கே தரை ஒரு கோடு, மீதி எல்லாம் வானம். சதுப்புச் செடிகள் சிவக்கத் தொடங்கியிருந்தன. அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடைகள். அப்போது வடக்கே ஓர் இரைச்சல். வாத்துகள்! பத்து இருபது இல்லை, ஆயிரக்கணக்கில், வரிசை வரிசையாக, ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே கடந்தன. இறக்கை அடிக்கும் சத்தம்கூடக் கேட்டது. கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் எவ்வளவு சின்ன ஆள் என்று தெரிந்ததில் அத்தனை சந்தோஷம். எவ்வளவு நேரம் அண்ணாந்து நின்றேனோ தெரியாது.

"தம்பி" என்றார் ஆன்ட்டி. "நாம வந்த ரோடு எங்க?"

திரும்பினேன். ரோடு இல்லை. அலை இல்லை, சத்தம் இல்லை, ஓடைகள் தாமாகவே நிறைந்து பாதையை மூடியிருந்தன. முன்னாலும் தண்ணீர். மேட்டின் அடியில் சாய்த்து வைத்த என் வாடகைச் சைக்கிளின் கைப்பிடி மட்டும் வெளியே தெரிந்தது. அதைக் காப்பாற்ற வீரமாக இறங்கினேன். தொடைவரை சேற்றில் போனேன். ஆன்ட்டி என் முதுகுப்பையின் பட்டையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து மேலே போட்டார். வலது காலணி வரவில்லை. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

"இந்த மேடு முங்குமா?"

"தெரியல ஆன்ட்டி."

போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. புல்லின் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு விரல் அளவு ஏறியது. பிறகு இன்னொரு விரல். அதற்குப் பிறகு குச்சியிலேயே நின்றுவிட்டது. மூச்சு விட்டோம். உயிர் தப்பியது நிச்சயமானதும் கல்யாணம் பிழைக்காது என்பதும் எனக்கு நிச்சயமாகிவிட்டது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"ஆன்ட்டி, ஒண்ணு சொல்லணும். எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரிஞ்சு மூணு மாசம்தான் ஆகுது."

"மொத நாளே தெரியும். ஏத்தத்துல பிரேக்க புடிச்சிக்கிட்டே மிதிக்கிற ஆள நான் இப்பத்தான் பாக்குறேன்."

"அந்த போர்டையும் படிச்சேன். கேட் போடலையே, போலாம்னு நெனச்சிட்டேன். உங்கள இப்படி மாட்டி விட்டது என் தப்புதான். நீங்க வேணாம்னு சொன்னா ஸ்டெல்லாகிட்ட நானே பேசிடுறேன்."

வெயில் சாய்ந்து தண்ணீர் முழுக்க வெள்ளியானது. இன்னொரு கூட்டம் வாத்து போனது. ஆன்ட்டி அண்ணாந்து கடைசி வாத்து மறையும்வரை பார்த்தார்.

"இருபத்தாறு வருஷம்" என்றார். "முன்னாடி ரோடு, சைடுல கண்ணாடி, அவ்ளோதான். மேல பாத்ததே இல்ல." பிறகு, குரலைத் தாழ்த்தி, "நானும் படிச்சேன்."

"எதை?"

"அந்த போர்ட. நீ பாக்குறதுக்கு முன்னாடியே. டேஞ்சர்னா அடைச்சு வெச்சிருப்பாங்கன்னு நானும் பேசாம வந்துட்டேன்."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தேன். அவரே முதலில் சிரித்தார். சேற்றிலும் குளிரிலும் பல் தந்தியடிக்க இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சட்டென்று நிறுத்தி விரலை நீட்டினார்.

"இத ஸ்டெல்லாகிட்ட சொல்லக் கூடாது. என் பழைய டிப்போ ஆளுங்களுக்குத் தெரிஞ்சா மானம் போயிரும்."

"சொல்லவே மாட்டேன் ஆன்ட்டி."

தண்ணீர் வந்த மாதிரியே சத்தமில்லாமல் வடிந்தது. சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு, ஒற்றைக் காலணியோடு நொண்டி நொண்டிக் கரை ஏறியபோது போன் உயிர் பெற்றது. ஸ்டெல்லாவின் அழைப்புகள் வரிசையாக நின்றன. ஆன்ட்டியே மகளை அழைத்துப் பேசினார்.

"ஒண்ணும் ஆகல லா. மாப்பிள்ள போர்ட பாக்காம கூட்டிட்டு வந்துட்டார், அதான் லேட்டு."

மறுமுனையில், "அம்மா, இப்ப யாருன்னு சொன்னீங்க?" என்று ஸ்டெல்லா அலறியது எனக்கே கேட்டது.

"லேட்டாகும்னு சொன்னேன்" என்று போனை வைத்துவிட்டார்.

ஆறு வருடம் ஆகிவிட்டது. ஆன்ட்டி இப்போது எனக்கு அத்தை. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் சிராங்கூனில் உள்ள அத்தை வீட்டில் எல்லோரும் கூடும்போது இந்தக் கதை கட்டாயம் வரும். "இத்தன பெரிய போர்டு!" என்று அத்தை கையை அகல விரிப்பார். (வருடத்துக்கு வருடம் பலகை வளர்கிறது. இப்போது நெடுஞ்சாலைப் பலகை அளவுக்கு வந்துவிட்டது.) "மாப்பிள்ள கண்ணுல படவே இல்ல!" வீடே சிரிக்கும். நான் தலையைக் குனிந்து, "ஆமா, பாக்கல" என்பேன். அன்றைக்கு என் தட்டில் மட்டும் மீன் இரண்டு துண்டு விழும்.

இதை எழுதலாமா என்று போன வாரம் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"தமிழ்லதானே எழுதுறீங்க, மாப்பிள்ள?"

"ஆமா அத்தை."

"அப்ப எழுதுங்க லா. ஸ்டெல்லா எங்க தமிழ் படிக்கப் போறா?"