குசினியின் நாலாம் சுவர்

கழிவு என்பது யாருக்கும் வேண்டாத பொருள் என்றொரு தவறான நம்பிக்கை பொதுசனங்களிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. படித்தவர்கள் சிலரும் இதில் மயங்கிக் கிடப்பதால் இங்கேயே திருத்திவிடுவது கடமையாகிறது. கழிவு என்பது இன்னும் கூட்டம் போட்டுப் பேசப்படாத பொருள். கூட்டம் முடிந்து தேநீர் வருவதற்குள் அது வளமாகிவிடும். வளமானபின் அதை யாரும் தொட ஏலாது.

கிண்ணியாப் பக்கம் கடலோரத்தில் கிடந்த கறுப்பு மணல் மேடு இதற்குச் சான்று. கனிம மணலைப் பிரித்துக் கப்பலேற்றி வந்த ஆலையொன்று மூடப்பட்டபோது விட்டுப்போன மிச்சம் அது. கச்சான் காற்று வீசினால் கொடியில் போட்ட வெள்ளைச் சட்டை கறுப்பாய்த்தான் வீட்டுக்குள் வரும். சனங்கள் மனுக் கொடுத்தார்கள். "மேற்படி மேடு கழிவாகும். விரும்புவோர் அகற்றிக்கொள்ளலாம்" என்று பதில் வந்தது. விரும்பியவள் பல்கீஸ் ஒருத்திதான்.

பல்கீஸ் சீமெந்தும் மணலும் குழைத்து, அச்சில் அடித்துக் கல் அரிந்து விற்கிறவள். கறுப்பு மணலைக் கலந்தால் கல் நல்ல உறுதி. நிறம்தான் அடிப்பிடித்த சட்டி மாதிரி. வாங்க ஆளில்லாததால் அந்தக் கல்லில் தன் மகள் ரிப்காவுக்கு வீடு கட்டினாள். அந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடில்லாமல் கலியாணமில்லை. மாப்பிள்ளை வந்து குடியேற வேண்டுமே. எல்லாம் எழும்பிவிட்டது, சமைக்கிற குசினிக்கு ஒரு சுவர் மட்டும் பாக்கி. அது எழும்பினால் நிக்காஹ்வுக்கு நாள் வைப்போம் என்று மாப்பிள்ளையின் தாய் ஆமினா உம்மா சொல்லியிருந்தாள்.

அந்த வாரம் பார்த்துத்தான் மேட்டைப் பற்றிக் கூட்டம் போட்டார்கள்.

பெறுமதிமிகு உலோக மீட்பு மற்றும் எச்சப்பொருள் மீள்பயன்பாட்டுச் செயற்றிட்டத்தின் பணிப்பாளர் இராஜநாயகம், வெள்ளைத் தலைக்கவசத்தோடு வந்திறங்கினார். அந்த வெளியில் தலையில் விழுவதற்கு வானத்தைத் தவிர வேறொன்றுமில்லை. ஆனாலும் கவசம் கழற்றப்படவில்லை.

"அம்மா, மண்வெட்டியைக் கீழ வையுங்கோ. இதில தைத்தேனியம் எண்ட உலோகம் இருக்கு."

"இருந்திட்டுப் போகட்டும் சேர். நான் மணலைத்தானே எடுக்கிறன்."

"இது தேசிய வளம். எடுக்க ஏலாது."

"அகற்றிக்கொள்ளலாம் எண்டு எழுதினது நீங்கள்தானே?"

"அது கழிவாய் இருந்த காலத்தில."

பல்கீஸ் மண்வெட்டியை வைத்தாள். "சரி, வளத்தை என்ன செய்யப் போறீங்கள்?"

பணிப்பாளரின் முகம் மலர்ந்தது. "உலோகத்தைப் பிரிச்செடுப்பம். மிஞ்சிற மணலில கல் அரிவம். ஒரு மணியும் வீண்போகாது."

"அந்தக் கல்லைத்தானே நான் அரியிறன்?"

"நீங்கள் பிரிக்காமல் அரியிறீங்கள். அது ஒழுங்கில்லை."

"அப்ப எப்ப பிரிப்பீங்கள்?"

"மெசின் வந்தவுடனே. மெசினை வைக்கக் கட்டடம் வேணும்."

"கட்டுங்கோவன்."

"கட்டலாம். ஆனா, பிரிச்ச மணலில அரிஞ்ச கல்லாலதான் கட்டவேணும் எண்டு நிபந்தனை."

"அந்தக் கல்லு?"

"மெசின் வந்தாத்தானே அம்மா," என்றார் இராஜநாயகம், பாலர் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

பிறகு மேட்டை அளந்தார்கள். பழைய அளவைவிடக் குறைந்திருந்தது. குறைந்த பாகம் எங்கேயென்று தேடியபோது அது பல்கீஸின் வளவில், கூரையோடு, நின்றுகொண்டிருந்தது. ஆழ்ந்த பரிசீலனையின் பின் அந்த வீடு "மேட்டின் செங்குத்தான பகுதி" எனத் தீர்மானிக்கப்பட்டது. முன்சுவரில் ஒரு பலகை ஏறியது: இச்சுவர்களில் தேசிய வளம் அடங்கியுள்ளது. ஆணி அடித்தல், கூட்டுதல், குறைத்தல் யாவும் தண்டனைக்குரியன.

ஆணி அடித்தல் தண்டனைக்குரியது என்ற அந்தப் பலகை நாலு ஆணியில் நின்றது.

மறுநாள் ஆமினா உம்மா வீடு பார்க்க வந்தாள். பலகையை வாசித்தாள். கண்ணாடியைத் துடைத்துப்போட்டு இன்னொருதரம் வாசித்தாள். கலியாணம் கைநழுவியது என்றே பல்கீஸ் நினைத்தாள்.

"மச்சி, இது கவர்மெண்ட் அடிச்ச பலகையா?"

"ஓம் மச்சி. நான் வேணாமெண்டு எவ்வளவோ சொல்லிப் பாத்தன்."

"என்ர மூத்த மகன் குடியிருக்கிற வீட்டில நிலமெல்லாம் மாபிள் கல்லு. அதுக்கு ஆரும் பலகை அடிக்கல்லியே." ஆமினா உம்மா சுவரைப் பிள்ளையின் கன்னம்போலத் தடவினாள். "நாலாம் சுவரை எழுப்புங்க, நாள் வைப்பம். ஆனா ஒண்டு. அதுவும் இதே கல்லுத்தான். மூண்டு சுவரில வளம், ஒண்டில வெறும் சீமெந்தெண்டா சனம் என்ன கதைக்கும்?"

சனம் ஏற்கெனவே கதைக்கத் தொடங்கியிருந்தது. கிண்ணியாவில் கிளம்பிய கதை மூதூரைத் தொட்டு, தம்பலகாமம் வரை போயிற்று. பெண் பார்க்கப் போகிறவர்கள் வீடிருக்கிறதா என்று கேட்பதை விட்டு, பலகை இருக்கிறதா என்று கேட்டார்கள். பலகை கௌரவமல்ல, தடை என்று இராஜநாயகம் சுற்றறிக்கை விட்டார். அதையும் சட்டம் போட்டு மாட்டிவைக்கச் சிலர் கேட்டு வந்தார்கள். மேட்டுக்குக் காவல் நின்றவர் தன் மகளின் வீட்டுக்கு இரண்டு வாளி மணல் கொண்டுபோனார். மணலைக் காவல் காப்பதற்காகத்தானாம்.

ஒருநாள் பணிப்பாளர் தலைக்கவசமில்லாமல் வந்தார். தலை கொஞ்சம் வழுக்கை.

"அம்மா, என்ர மகள் ஜெனிதாவுக்கும் பேசி முடிஞ்சிது. வீடு செங்கல்லு. மாப்பிள்ளை பகுதி ஒரே பிடியில நிக்கினம். முன்சுவர் மட்டுமாவது..."

"பிரிக்காம அரிஞ்சா ஒழுங்கில்லையே சேர்."

இராஜநாயகம் குரலைத் தாழ்த்தினார். "அரியக் கூடாதுதான். ஆனா பரீட்சார்த்தமா அரியலாம்."

"அப்ப முதல் பரீட்சை என்ர குசினியில நடக்கட்டும்," என்றாள் பல்கீஸ்.

நாலாம் சுவர் எழும்பியது. ரிப்காவின் நிக்காஹ் சிறப்பாக நடந்தேறியது. பணிப்பாளர் முன்வரிசைக் கதிரையில் இருந்து புரியாணி சாப்பிட்டார். அதன்பின் பரீட்சார்த்தம் ஊரெங்கும் பரவிற்று. மேடு முழுவதும் செங்குத்தாகிவிட, கடற்கரையில் தட்டையாய் ஒரு பிடியும் மிஞ்சவில்லை. கச்சான் வீசியது, வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே வீட்டுக்குள் வந்தது.

அப்போதுதான் மெசின் கப்பலில் வந்திறங்கியது. வைக்கக் கட்டடமில்லை, பிரிக்க மணலில்லை. துறைமுகத்தில் கிடந்து துருவேறியதைப் பற்றிச் சனங்கள் மனுக் கொடுத்தார்கள். செயற்றிட்டத்திலிருந்து பதில் வந்தது: "மேற்படி இயந்திரம் கழிவாகும். விரும்புவோர் அகற்றிக்கொள்ளலாம்."

ரிப்காவின் குசினிக்கு இப்போது இரும்புக் கதவு போட்டிருக்கிறது.