பெரியப்பாவின் காலடியில் திறந்த வால்வு

இரைப்பைக்கு மேலே ஒரு வால்வு இருப்பது, அது நம் காலை வாரிவிடும் நாளில்தான் தெரியவரும். எனக்கு அது பொம்பிளை பார்க்கப் போன இடத்தில் தெரிந்தது.

வெள்ளவத்தையிலிருந்து அம்மாவும் நானும் கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தோம். பொம்பிளை சுகன்யா, டொக்டர். படத்தைப் பார்த்ததுமே அவள்தான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். அவர்களுடைய சம்மதம் மட்டும்தான் பாக்கி. (அதுவும் கிடைத்த மாதிரித்தான் என்று நினைத்தேன். அந்த வயதில் எனக்கு என்மேல் அவ்வளவு மரியாதை.) தொப்பை தெரியக்கூடாதென்று பெல்ட்டைக் கடைசி ஓட்டைவரை இழுத்திருந்தேன்.

போன வீட்டில் தட்டில் மிச்சம் வைக்கக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். தட்டு காலியானால் உடனே நிரப்பவேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டது என் வயிறு. ரோல்ஸ், கட்லட், வடை, கேசரி என்று எல்லாம் உள்ளே போயின.

"இன்னும் ஒண்டு எடுங்கோ தம்பி," என்றார் சுகன்யாவின் பெரியப்பா. தகப்பன் இல்லாத அந்த வீட்டில் கடைசிச் சொல் அவருடையது. எடுத்தேன்.

புறப்படும்போது அம்மா முழங்கையால் இடித்தார். "அவற்ற காலில விழுந்து கும்பிடு."

குனிந்து காலைத் தொட்டிருந்தாலே போதும். கூடுதல் புள்ளி வாங்கும் ஆசையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். நெஞ்சுக்குள் நெருப்பு ஏறியது. தொண்டை புளித்தது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"பாருங்கோ, பிள்ளை அழுகுது! என்ன பாசம்!" பெரியப்பா உருகிப்போய், என் தலையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து ஆசீர்வதிக்கத் தொடங்கினார். (ஓய்வுபெற்ற வாத்தியார். சுருக்கமாகப் பேசத் தெரியாது.)

"பெரியப்பா, அது பாசமில்லை," என்றாள் சுகன்யா. "சாப்பாட்டுக் குழாய் இரைப்பையோட சேருற இடத்தில வால்வு மாதிரி ஒரு தசை இருக்கு. வயிறு முட்டச் சாப்பிட்டு, பெல்ட்டையும் இறுக்கிக்கொண்டு இப்பிடிப் படுத்தால் அது தாங்காது. அமிலம் மேல வரும். கையை எடுங்கோ, அவர் எழும்பட்டும்!"

பெரியப்பா கையை எடுத்தார். காலையும் எடுத்திருக்கலாம்.

அவர் கால் கழுவப் போனார். அம்மா மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. இனி இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்று நினைத்தபோது சுகன்யா தண்ணீரோடு வந்தாள். அவள் என்னிடம் நேரே பேசிய முதல் வசனம்: "முதல்ல பெல்ட்டைத் தளர்த்துங்கோ."

அடுத்த கிழமை சம்மதம் வந்தது. காரணம் கேட்டேன். "நோயாளியைப் பாதியில விடக்கூடாது," என்றாள்.

இன்றைக்கும் வருடப்பிறப்புக்குக் கும்பிடப் போனால், என்னைக் கண்டதும் பெரியப்பா இரண்டு காலையும் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொள்கிறார்.

"நிண்டபடியே கும்பிடுங்கோ தம்பி. ஆசீர்வாதம் அங்க வரும்."