மூன்று கிலோ குறைவு

தராசு மெக்கானிக் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தர் அவரைப் பார்த்து எடை போதாது என்று சொல்லிவிட்டார்.

சொன்னது டாக்டர். இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷனுக்கு முதல் படியாக விண்ணப்பம் நிரப்பி, ரத்தம் கொடுத்து, உயரம் அளந்து, எல்லாம் முடிந்தபிறகு சொன்னார். இவர் உயரத்துக்கு நூற்றைந்து கிலோ இருந்தால்தான் கத்தி. இவர் நூற்றிரண்டு.

அவர் அழகுக்காகப் போகவில்லை. லாரி நிறுத்தும் எடைமேடைக்கு அடியில் ஒரு குழி உண்டு. பழுது பார்க்க அதற்குள் இறங்கவேண்டும். போன மாதம் இறங்கினார். மார்பு வரைக்கும் போனார், அதற்குப் பிறகு வாசல் விடவில்லை. இரண்டு டிரைவர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்துப் பிடுங்கி எடுத்தார்கள். ஊரே சிரித்தது. தராசுக் கம்பெனி மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை. வருஷக் கடைசிக்குள் குழிக்குள் இறங்க முடியாவிட்டால் கடையில் உட்கார்ந்து சமையலறைத் தராசு பார்க்கட்டும் என்றுவிட்டார். அன்றிலிருந்து மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் நடந்தார், நடந்தால் அலமாரியைத் திறந்து எதையாவது தின்றார்.

அவர் மனைவி தையல்காரி. முன்னறையில் மெஷின். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே அவர் சொன்னதைக் கேட்டாள். பெரிய சண்டைக்குத் தயாராக நின்றார் இவர். அவள் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"மூணு கிலோதானேங்க. ஏத்திடலாம்."

இவருக்கு நம்பவே முடியவில்லை. டாக்டர் சொன்ன மீதியை இவர் அவளிடம் சொல்லவில்லை. இந்தாங்க சாப்பாட்டு அட்டவணை, பத்து வாரம் இதன்படி இருந்து பாருங்க, அப்புறமும் தேவைப்பட்டா பேசலாம் என்று ஒரு தாள் கொடுத்திருந்தார். அட்டவணைப்படி தின்றால் எப்படி எடை ஏறும்? தாளை நாலாக மடித்துப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அந்தப் பேன்டைத்தான் அன்று சாயங்காலம், தொடைப்பக்கம் தையல் விட்டுப்போச்சு என்று அவளிடம் கழற்றிக் கொடுத்தார். புத்திசாலி.

மறுநாளே எடை ஏற்றும் வேலை தொடங்கியது. அவளே பெரிய தட்டாக வாங்கி வந்தாள். முதலில் ஒரு குண்டான் சூப். அது வயிற்றைத் திறந்துவிடுமாம். அப்புறம் மலை மாதிரி காய். அதையும் ஏறி இறங்கினால்தான் மற்றது கண்ணுக்கே தெரியும். அங்கே போய்ச் சேர்வதற்குள் மெக்கானிக்குக்குக் கண் சொருகிவிடும்.

வெறும் வயிற்றில் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் நடக்கவும் சொன்னாள். இவர் முரண்டு பிடித்தார். எடை ஏத்துறவன் எதுக்கு நடக்கணும்?

"பசி எடுக்காம எப்படிங்க அளவுக்கு மேல சாப்பிடுவீங்க?"

நியாயமாகத்தான் பட்டது. நடந்தார். அலமாரியில் இருந்ததெல்லாம் என்ன ஆனது என்று கேட்டார். எறும்பு வந்துவிட்டது என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எடை பார்க்கும் நேரம். தொழிலில் இவருக்கு ஒரு சட்டம் உண்டு. மேலே நிற்கிறவன் குனியக் கூடாது, குனிந்தால் முள் ஆடும், வேறொருத்தர்தான் படிக்கவேண்டும். ஆயிரம் கடைக்காரர்களை இந்தச் சட்டத்தால் அதட்டியவர். அதனால் விறைப்பாக, எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மனைவி குனிந்து படிப்பாள்.

"நூத்திரெண்டரை."

அடுத்த வாரம் நூற்றிமூன்று. அப்புறம் நூற்றிமூன்றரை. ஊரில் ஒருத்தன் தராசையும் நம்பாத மனுஷன் அவள் வாயை நம்பினார். பேன்டும் சாட்சி சொன்னதே. வாராவாரம் இடுப்பில் இறுகிக்கொண்டே வந்தது. பித்தானை மாட்ட மூச்சைப் பிடிக்கவேண்டியிருந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்காததைக்கூட, உடம்பில் தெம்பு ஏறிவிட்டது என்று கணக்குப் பண்ணிக்கொண்டார்.

பத்தாம் வாரம் நூற்றைந்தரை. மறுநாளே மனைவியோடு ஆஸ்பத்திரி. எதற்கும் இருக்கட்டும் என்று போகிற வழியில் ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்து வைத்தார். நர்ஸ் அவரை ஏறச் சொன்னாள், பார்த்தாள், எழுதினாள்.

"தொண்ணூத்தி நாலு."

"உங்க மெஷின் தப்பு."

சொன்னதோடு விடவில்லை. எங்கே போனாலும் விடாமல் தூக்கிப்போகும் தொழில் பையைத் திறந்து, முத்திரை போட்ட எடைக்கற்களை எடுத்து வரிசையாகத் தரையில் வைத்தார். பத்து கிலோ வைத்தார், பத்து காட்டியது. அஞ்சைச் சேர்த்தார், பதினைந்து காட்டியது. நாலு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மெஷின் சுத்தம். இருபது வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு சரியான மெஷினை அவர் பார்த்ததே இல்லை.

டாக்டர் வந்து கை குலுக்கினார். எட்டு கிலோ இறங்கியிருக்கு, சர்க்கரையும் இறங்கியிருக்கு, இப்போதைக்கு ஆபரேஷன் பேச்சே வேண்டாம், எப்படிச் சாதிச்சீங்க என்றார். மெக்கானிக் எடைக்கற்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார். மனைவி கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேஜைமேல் விரித்தாள். பத்து வாரத்துக்கும் டிக் போட்டிருந்தது.

வீட்டுக்கு வந்தார்கள். செருப்பைக் கழற்றும்போது அவர் கேட்டார்.

"அப்போ பேன்ட் இறுகினது?"

"வாரம் அரை இஞ்ச் பிடிச்சுத் தைச்சேன். லூசாயிருந்தா கண்டுபிடிச்சிருப்பீங்களே."

கோபித்துக்கொண்டு படுத்துவிட்டார். மறுநாள் மேலாளர் எடைமேடைக்கு அனுப்பினார். குழி வாசலில் ஐந்து நிமிஷம் நின்றார். அன்று பிடுங்கி எடுத்த டிரைவர்களில் ஒருத்தன் கையைத் தேய்த்துக்கொண்டு தயாராக நின்றான். மெக்கானிக் காலை விட்டார். இடுப்பு போனது. மார்பு போனது. தலையும் போனது. உள்ளே முழங்கால் போட்டு உட்கார்ந்து, துடைக்கவேண்டிய கம்பியைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் சும்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் வேறு ஆள். வேலை தப்பிவிட்டது, இனி யார் கேட்பது? சூப்புக் குண்டானைப் பரணில் ஏற்றச் சொன்னார். நடையெல்லாம் ரத்து என்றார். நாளையிலிருந்து மனுஷன் மாதிரி சாப்பிடப் போவதாக அறிவித்துவிட்டு, ஆறு பேன்டையும் கொண்டுவந்து மெஷின்மேல் போட்டார்.

"எல்லாத்தையும் பழையபடி பிரிச்சு விட்டுடு."

அவள் நூலைப் பல்லால் கடித்தாள்.

"எதைங்க பிரிக்கிறது? உள்மடிப்புத் துணியை வாராவாரம் வெட்டிப் போட்டுட்டேனே."