முதல் பஸ் டிரைவரின் ஆட்சேபணை

கட்டிலை மூன்றாவது சுவர்ப் பக்கமும் திருப்பிப் போட்டாகிவிட்டது. அறைக்கு நான்கு சுவர்கள்தான். மிச்சம் இருந்தது கதவு உள்ள சுவர். அங்கே கட்டிலைப் போட்டால் யாரும் உள்ளே வர முடியாது.

"யாரும் வராட்டிப் பரவாயில்லைங்க, தூக்கம் வந்தாப் போதும்," என்றாள் மனைவி.

தூக்கம் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இரவு இரண்டு மணி வரை திறந்திருக்கும் பார். இந்தப் பக்கம், விடிகாலை நாலரைக்கு ஊரின் முதல் பஸ்ஸை எடுக்க வேண்டிய டிரைவர். நடுவில் ஒன்பது அங்குலச் செங்கல்.

போன வாரம் அவர் ஒரு வளைவில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, பச்சை விளக்கு எரியட்டும் என்று பத்து நிமிடம் காத்திருந்தார். அந்த வளைவில் சிக்னலே கிடையாது. பயணிகளும் நல்ல தூக்கத்தில் இருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை. பின்னால் வந்த பால் வண்டிக்காரர்தான் டிப்போவுக்குப் போன் போட்டார். டிப்போ மேனேஜர் குரலை உயர்த்தவே இல்லை. இன்னொரு தடவை ஸ்டியரிங்கில் தலை சாய்ந்தால் மீதி சர்வீஸ் முழுக்க பஸ் கழுவும் கொட்டகையில்தான் என்று மட்டும் சொன்னார். இருபத்திரண்டு வருடம் வண்டி ஓட்டிய கையில் ரப்பர் குழாய்.

அந்த வாரம்தான் பார் வாசலில் நகராட்சி ஒரு நோட்டீஸ் ஒட்டியது. டிரைவர் உடனே மச்சானை அழைத்து வந்தார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். கோர்ட்டில் முப்பது வருடம் டைப் அடித்து ஓய்வு பெற்றவர். ஒரு வழக்கில்கூட வாதாடியதில்லை, ஆனால் எல்லா வழக்கையும் அடித்தவர். சட்டம் அவர் விரல் நுனியில் இருந்தது என்றால் அதில் பொய் ஒன்றும் இல்லை.

நோட்டீஸில் தலைப்பு மட்டும்தான் பெரிய எழுத்து. கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி இரண்டு பக்கம். மச்சான் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, கோப்பு எண்ணையும் கடைசித் தேதியையும் மட்டும் குறித்துக்கொண்டு திரும்பினார்.

"மிச்சத்தைப் படிக்கலையா மச்சான்?"

"பார்க்காரன் கடை நேரத்தைப் பத்தி விண்ணப்பம் போட்டிருக்கான். விடிய விடியத் தொறக்கணும்னுதான் கேப்பான், வேற எதுக்குப் போடப் போறான்? விண்ணப்பத்தைப் படிக்கிறது ஆபீஸ் வேலை மாப்ளே. ஆட்சேபிக்கிறதுதான் நம்ம வேலை."

டிரைவருக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படி ஒரு மூளை தன் குடும்பத்தில் இருக்கும்போது, தான் இத்தனை நாள் கட்டிலைத் திருப்பிக்கொண்டிருந்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஆட்சேபணை ஒன்பது பக்கம் வந்தது. அதில் தூக்கம் என்ற சொல்லே கிடையாது. 'நித்திரை எனும் இயற்கை உரிமை' என்றுதான் இருந்தது. தன் புருஷனுக்கு இல்லாமல் போனது இவ்வளவு பெரிய சமாசாரமா என்று மனைவி கண் கலங்கினாள்.

பத்தாம் நாள் பதில் வந்தது, வட்ட முத்திரையோடு. ஆட்சேபணை பதிவு செய்யப்பட்டது, விசாரணை முடியும்வரை உரிமத்தில் உள்ள நேரமே தொடரும், அதில் ஒரு நிமிடம் கூட்டவோ குறைக்கவோ கூடாது, மீறினால் அபராதம்.

"பாத்தியா, அவன் கையைக் கட்டிட்டேன்," என்றார் மச்சான். கடிதம் ஷோகேஸில் குழந்தையின் ஓட்டப் பந்தயக் கோப்பைக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது.

கையைக் கட்டியது சரி, வாயைக் கட்ட வேண்டுமே. பாரின் ஸ்பீக்கரைப் பற்றித் துணை மனு ஒன்று போனது. நகராட்சி அசாத்திய வேகத்தில், அதாவது ஒன்றரை மாதத்தில், பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது என்று உத்தரவிட்டது. அன்றைக்கு ராத்திரியே, பாட்டு இல்லாத குறையைத் தீர்க்க வாடிக்கையாளர்கள் தாங்களே பாடத் தொடங்கினார்கள். ஸ்பீக்கருக்காவது சுருதி இருந்தது.

அதற்கு இன்னொரு துணை மனு. வெளியே வருகிறவர்களை அமைதிப்படுத்த பார் ஒரு வாட்ச்மேனை நியமிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. வந்த வாட்ச்மேன் கடமை தவறாதவர். ஒவ்வொரு வாடிக்கையாளர் படி இறங்கும்போதும், டிரைவரின் ஜன்னலுக்கு நேர் கீழே நின்று, "அமைதி" என்று முழங்குவார். ஒரு ராத்திரிக்கு நாற்பது அமைதி. ஆட்டோ பிடிக்கத் தள்ளாடி நிற்பவர்களுக்கு இரண்டிரண்டு.

இதற்கு நடுவில் பார் முதலாளி, வழுக்கைத் தலையும் முழங்கால் வலியுமாக இருந்த ஒரு பெரியவர், இரண்டு தடவை வீட்டு வாசலில் வந்து நின்றார். வழக்கு நடக்கும்போது எதிர்த்தரப்போடு ஒரு வார்த்தை பேசினாலும் கேஸ் படுத்துவிடும் என்று மச்சான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டிரைவர் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியவர் மூன்று தடவை மணி அடித்துவிட்டு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு இறங்கிப் போனார்.

"சமாதானம் பேச வர்றான்னா பயந்துட்டான்னு அர்த்தம்," என்றார் மச்சான். அன்றே 'அமைதி'க்கு எதிராகப் பதினான்கு பக்கம் அடித்தார்.

கோப்பு வளர்ந்தது. உரிமப் பிரிவு எழுத்தர் அதை முதலில் கையில் எடுத்து வந்தார், பிறகு இரண்டு கையாலும், கடைசியில் தள்ளுவண்டியில். தன் பெயர் எழுதிய ஒரு பொருள் சக்கரத்தில் உருண்டு வருவதை டிரைவர் எழுந்து நின்று பார்த்தார். அவர் ஓட்டிய பஸ்ஸில்கூட அவர் பெயர் எழுதியதில்லை.

பதினோரு மாதம் கழித்து விசாரணை. அதற்கு முந்தின நாள் காலையில் டிரைவர் கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு அப்படியே தூங்கிப் போனார். பயணிகள் அவரைத் தாண்டி மெதுவாக இறங்கிப் போனார்கள். டிப்போ மேனேஜர் சொன்னது இவ்வளவுதான்: "நாளைக்கு உங்க விசாரணை முடியட்டும். ராத்திரி சத்தம் நிக்கும்னா முதல் வண்டி உங்களுது. இல்லைன்னா திங்கட்கிழமை கொட்டகைக்கு வந்துடுங்க."

நகராட்சி மண்டபத்துக்குள் நுழைந்ததும் டிரைவர் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றப் போனார். மனைவி கையைப் பிடித்துத் தடுத்தாள். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் கூரை. அதிலிருந்து ஒரு கம்பியில் தொங்கிய மின்விசிறி யாருக்கும் காற்று தராமல் கம்பீரமாகச் சுற்றியது. மேடையில் ஏழு நாற்காலி. நடு நாற்காலியின் முதுகு மட்டும் ஒரு முழம் உயரம் அதிகம். தலைவர் உள்ளே வந்தபோது மண்டபமே எழுந்து நின்றது. அவர் பேனாவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். ஒரு பேனாவை இவ்வளவு அர்த்தத்தோடு ஒரு மனிதர் கையாள முடியும் என்று டிரைவர் அதுவரை அறிந்ததில்லை.

மச்சான் ஒன்றே முக்கால் மணி நேரம் படித்தார். நாலாவது நாற்காலியில் இருந்த உறுப்பினர் குறட்டை விட்டார். நித்திரை எனும் இயற்கை உரிமைக்கு அதைவிட நேரடியான சாட்சி வேறு இல்லை.

"இந்தக் கோப்பு," என்றார் தலைவர், தள்ளுவண்டியை நோக்கிக் கையை நீட்டி, "இந்த மன்றத்தோட வரலாற்றுலயே பெரிய கோப்பு. ஒரு சாதாரண குடிமகன் இப்படிப் போராடி நான் பார்த்ததில்ல."

மண்டபம் திரும்பி டிரைவரைப் பார்த்தது. அவர் மனைவியும் யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

பார் முதலாளியிடம், சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். பெரியவர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தள்ளுவண்டியைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். டிரைவர் சட்டென்று கூரையைப் பார்த்தார்.

"அவருக்கே இவ்வளவு தூரம் வேணாம்னா, நான் என்னத்தைங்க சொல்றது," என்று உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் டிரைவரிடம் திரும்பினார். "ஆட்சேபணையை வலியுறுத்துறீங்களா?"

டிரைவர் எழுந்து நின்றார். குரல் நடுங்கவில்லை. "வலியுறுத்துறேங்க ஐயா."

தலைவர் பேனாவைத் திறந்தார். ஆட்சேபணை முழுமையாக ஏற்கப்பட்டது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இப்போதுள்ள நேரம் எந்த மாற்றமும் இன்றி நீடிக்கும். இதே கோரிக்கையோடு ஐந்து வருடத்துக்கு யாரும் இந்த மன்றத்தின் படியேறக் கூடாது.

கைதட்டலில் நாலாவது உறுப்பினர் விழித்து அவரும் தட்டினார். மச்சான் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, மாட்டாமலேயே நின்றார். எழுத்தர் வந்து கை குலுக்கினார். டிரைவர் அங்கேயே டிப்போவுக்குப் போன் போட்டு, ஜெயித்துவிட்டோம், திங்கட்கிழமை முதல் வண்டிக்கு வந்துவிடுகிறேன் என்று சொன்னார். சொல்லும்போது அவருக்கே தன் குரல் மேடையிலிருந்து வருவதுபோல் கேட்டது.

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் வாட்ச்மேன், முதலாளியின் குடையோடு உட்கார்ந்திருந்தார். டிரைவரைக் கண்டதும் எழுந்து, வேலைக்கு வந்த நாளிலிருந்து முதல் முறையாக மெல்லிய குரலில் பேசினார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல சார், பக்கத்து வீட்டு டிரைவர் பாவம் தூங்க முடியாமத் தவிக்கிறாரு, இனிமே ராத்திரி ஒன்பது மணிக்கே கடையைச் சாத்திக்கிறேன்னு எங்க முதலாளி அனுமதி கேட்டாரு, அதுக்கு ஏன் சார் நீங்க இப்படி வரிஞ்சு கட்டிக்கிட்டு எதிர்த்தீங்க?"