தோள்பட்டைக்கு ஏறிய காப்பர் டி

ஊசலார் யாரையும் தொடமாட்டார். அதுதான் அவருடைய பெருமை. ஆஸ்பத்திரியில் படுக்கச் சொல்வார்கள், பார்ப்பார்கள், தொடுவார்கள். பெண்களுக்குக் கூச்சம். இவரிடம் அந்த வம்பே இல்லை. கூச்சத்தை வைத்தே கடை நடத்தலாம் என்று கண்டுபிடித்த மகான் அவர்.

அச்சகத்துக்கு மேலே இரண்டாவது மாடியில் அவர் அறை. படிக்கட்டு முழுக்கப் பெண்கள். படி போதாமல் வரிசை தெருமுனை வரை நீண்டது. எல்லாரும் கருத்தடைக்குக் காப்பர் டி போட்டுக்கொண்டவர்கள். வைத்தது வைத்த இடத்தில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள். ஊசலார் ஒரு செப்புக் குண்டைக் கயிற்றில் கட்டி வயிற்றுக்கு மேலே பிடிப்பார். குண்டு எந்தப் பக்கம் ஆடுகிறதோ, அந்தப் பக்கம் காப்பர் டி ஓடிவிட்டது என்று அர்த்தம். ஆடாமல் நின்றால்? ஒருநாளும் நின்றதில்லை.

போன வாரம் ஒருத்திக்கு அது முழங்காலில் இருந்ததாம். இன்னொருத்திக்குக் காதுக்குப் பின்னால்.

"அதான் பஸ் ஹாரன் அடிச்சா எனக்கு உள்ள டிங்குன்னுச்சு!" என்று அவளே சாட்சியும் சொன்னாள்.

காசு வாங்கமாட்டார். செம்பு மட்டும்தான் வாங்குவார். ஓடிப்போன செம்பைச் செம்புதான் திரும்ப இழுக்குமாம். பாத்திரம் வந்தது, குடம் வந்தது. ஒரு மகராசி வீட்டு மின்விசிறியைப் பிரித்து, மோட்டாருக்குள் இருந்த கம்பிச்சுருளையே கொண்டுவந்து காணிக்கை வைத்தாள். வீடே வியர்த்து வழிந்தது. காப்பர் டி மட்டும் பத்திரம்.

இந்த வரிசையில்தான் சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவளும் நின்றாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும், அது நிச்சயம். மாதவிலக்கு முடிந்ததும் கையைக் கழுவி, காப்பர் டியின் முனையில் தொங்கும் நூல் விரலில் தட்டுப்படுகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார் நர்ஸ். மூன்று வருடமாகத் தட்டுப்பட்டது. இந்த மாதம் இல்லை. பயத்தில் இரண்டு காலர்களைத் தலைகீழாகத் தைத்துவிட்டாள். பக்கத்து மெஷினில் பித்தான் வைப்பவள்தான் அவளை இங்கே இழுத்து வந்தாள்.

பெஞ்சில் படுக்க வைத்தார்கள். கழுத்து வரை போர்வை. மூச்சுக்காற்று பட்டால் குண்டு கலங்குமாம், அதனால் முகத்துக்கும் ஒரு துணி.

"இடது தோள்பட்டையில இருக்கு. விரலை விட்டுத் தேடினியா?"

"ஆமாங்கய்யா."

"அதான் பயந்து மேல ஏறிடுச்சு. நாப்பது நாள் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத. போனா நெஞ்சுக்கு ஓடிரும்."

"அதுவரைக்கும் வீட்டுக்காரரோட..."

"தாராளமா இரு. தோள்ல இருந்தாலும் அது வேலை செய்யும்."

தெருவுக்கு வந்ததும் காலர்க்காரிக்கு ஒன்று உறுத்தியது. தோளில் இருந்துகொண்டு அது எப்படிக் கருவைத் தடுக்கும்? கைப்பட்டியில் தைத்த பித்தான் எந்தக் காலரை மூடியிருக்கிறது? பதினோரு வருடத் தையலில் அப்படி ஒரு சட்டையை அவள் பார்த்ததில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

நர்ஸ் பரிசோதித்தார். பிறகு ஸ்கேன் எடுத்தார்கள்.

"இருக்க வேண்டிய இடத்துலதான்மா இருக்கு. நூல் சுருண்டு உள்ள போயிருக்கு, அவ்வளவுதான். எப்பவாவது விழுந்துடறதும் உண்டு, அபூர்வமா கருப்பையைத் தாண்டறதும் உண்டு. அதுக்குத்தான் நூல் தட்டுப்படலன்னா உடனே வரச் சொல்றோம். வர்ற வரைக்கும் ஆணுறை. ஆனா தோளுக்கு ஏற உள்ள லிஃப்ட் எதுவும் கிடையாது."

காலர்க்காரிக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த நிமிடம் கோபம் தலைக்கேறியது. அந்த வரிசையில் உண்மையாகவே விழுந்துபோனவள் ஒருத்தி இருந்தால்? நாற்பது நாள், தாராளமா இரு! மூன்றாவது பிள்ளையை ஊசலாரா வளர்ப்பார்?

வீட்டுக்கு வந்து, லாரி ஓட்டும் கணவனிடம் திட்டத்தைச் சொன்னாள்.

"ஏன்டி, என் மானம் என்னாகறது?"

"மூஞ்சியைத்தான் துணி போட்டு மூடுறாங்களே."

தலையோடு கால் போர்வை போர்த்தி, "காய்ச்சல், பேச முடியல" என்று சொல்லி, அவனை மாடியேற்றிவிட்டாள். ஊசலார் குண்டைப் பிடித்தார். குண்டு ஜோராக ஆடியது. வாசலில் கூட்டம் எட்டிப் பார்த்தது.

"அடடா, இடுப்பெலும்புல மாட்டியிருக்கு. மாசாமாசம் வலி உயிர் போகுமே?"

முகத்துத் துணி விலகியது. முதலில் மீசை வந்தது.

"மாசாமாசம் இல்லீங்கய்யா. ஷேவ் பண்றப்ப மட்டும் கொஞ்சம் எரியும்."

ஊசலார் லேசுப்பட்டவரா? ஒரு நொடியில் சுதாரித்துக்கொண்டார்.

"பொண்டாட்டிகிட்ட இருந்து புருஷனுக்குத் தாவிடுச்சு! தொத்து!"

கூட்டம் சிரிக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? "எங்க வீட்டுக்காரரும் பத்து நாளா ஒரு மாதிரிதான் இருக்காரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது!

காலர்க்காரி ஸ்கேன் படத்தை விரித்துக் காட்டினாள். "நேத்து எடுத்தது. என்னுது என்கிட்டதான் இருக்கு. நர்ஸே பார்த்துச் சொன்னாங்க. அப்ப இவருகிட்ட இருக்கறது யாரோடது?"

பதில் வருவதற்குள் குண்டைப் பிடுங்கி, பெஞ்சுக்கு மேலே இருந்த கொக்கியில் கட்டினாள். கணவனை எழுப்பிவிட்டுத் தானே படுத்துக்கொண்டாள்.

"ஜன்னலைச் சாத்துங்க. இப்ப உங்க கை இல்லாம ஆடட்டும்."

குண்டு இரண்டு தரம் அசைந்தது. பிறகு நின்றது. எல்லாரும் பார்த்தார்கள். நின்றது நின்றதுதான்.

"இத்தனை நாளா ஆடினது இவர் கையா?" என்றாள் பித்தான்காரி.

"பின்ன, என் தோள்பட்டையா?"

அதற்குப் பிறகு மூலையில் குவித்திருந்த செம்புக் குவியலுக்குள் இருபது கைகள் ஒரே நேரத்தில் புகுந்தன. இந்தக் கம்பியைத் திரும்ப யார் சுற்றித் தருவார்கள் என்று மின்விசிறிக்காரி அழாத குறையாகக் கேட்டாள். யாரையும் தொடாத ஊசலார், படிக்கட்டில் அத்தனை பேரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

அடுத்த தெருவில் இப்போது ஒருத்தர் கண்ணாடி உருண்டையில் பார்த்துச் சொல்கிறாராம். வரிசை தொடங்கிவிட்டது. தாய்மார்களே, நூல் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை உங்கள் விரலாலேயே பாருங்கள், தட்டுப்படவில்லையென்றால் நர்ஸிடம் போங்கள். ஆனால் தலைக்குள் இருப்பது அதே இடத்தில் இருக்கிறதா என்று மட்டும் தினம் தினம் பார்த்துக்கொள்ளுங்கள். அது காணாமல் போனால் எந்த ஸ்கேனிலும் தெரியாது.