படகுக்கு ஒரு குழாய்

வேல்ராஜ் குப்புறப் படுத்துத் தலையைப் படகுக்குள் விட்டிருந்தார். கால் வைக்கும் பலகையைக் கழற்றியாயிற்று. அதற்குக் கீழே, கசிகிற தண்ணீரெல்லாம் வந்து தேங்கும் அடிப்பள்ளத்தில் சாம்பல் நிற எனாமல் பூசிக்கொண்டிருந்தார். பெயிண்ட் வாடையில் கண் எரிந்தது. அதைவிட வயிறு எரிந்தது.

எதிர்வீட்டு முத்துச்செல்வமும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தான்.

பழைய ஃபைபர் படகுகள் ஏலத்துக்கு வந்தபோது வேல்ராஜ் ஒன்றை எடுத்தார். மறுநாளே முத்துச்செல்வம் இன்னொன்றை டிராக்டரில் ஏற்றி இலஞ்சிக்குக் கொண்டுவந்துவிட்டான். எப்போதும் இதே கதைதான். இவர் சன்னலுக்குப் பெயிண்ட் அடித்தால் அவன் மாடி கட்டுவான். இவர் பழைய வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்தால் அவன் புல்லட்டில் வந்து இறங்குவான். போதாக்குறைக்கு ஹரியானா எருமை இரண்டு, வாசலில் கிரானைட். ஒவ்வொன்றும் வேல்ராஜுக்கு நெஞ்சில் முள்.

ஐந்தருவி ரோட்டுத் தோப்புக் குளத்தில் படகு விடும் குத்தகைக்காரர் சிவனணைந்தபெருமாள், இந்தச் சீசனுக்கு ஒரே ஒரு படகைக் கூடுதலாகச் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பார்த்து முடிவு செய்வார். கிடைத்தால் வேல்ராஜுக்குச் சீசன் முழுக்கப் பிழைப்பு. கிடைக்காவிட்டால் வாசுதேவநல்லூரில் மச்சான் கடையில் போய்க் கைகட்டி நிற்க வேண்டும்.

"ஏட்டி வள்ளி, அவன் என்ன கலர் அடிக்கான்னு பாத்துட்டு வா."

மனைவி ஆனந்தவள்ளி கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் போய் வந்தாள். "வெள்ளை. குடிதண்ணித் தொட்டிக்கு அடிக்கிற எபாக்ஸியாம். உள்ள மட்டுந்தான் அடிக்காவ. வெளிய அப்படியே கெடக்கு."

வேல்ராஜுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பாத்தியா வெவரத்த. குத்தகை அண்ணாச்சி பலகையத் தூக்கி உள்ளதான் பாப்பாருன்னு எவனோ சொல்லிக் குடுத்திருக்கான்."

"அவியளுக்குப் படகப் பத்தி என்ன தெரியும்?"

"தெரியாமலா வெள்ளை அடிக்கான்?"

அன்றே தென்காசிக்கு ஓடி, அதே எபாக்ஸியில் பெரிய டப்பாவாக வாங்கிவந்து, காய்ந்தும் காயாத எனாமலின் மேலேயே பூசினார். அரை மணி நேரத்தில் அடிப்பள்ளம் முழுவதும் பாலாடை மாதிரி சுருங்கி எழும்பியது. சுரண்டினார், வரவில்லை. கிரைண்டரை வைத்துத் தேய்த்தார். பெயிண்டோடு ஃபைபரும் சேர்ந்து வந்தது. ஓரிடத்தில் தரை தெரிந்தது.

ஃபைபர் துணியும் ரெசினும் வைத்து ஓட்டையை அடைத்து, மறுபடி வெள்ளை பூசி முடிப்பதற்குள் வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. ஆனாலும் பள்ளம் பளபளவென்றுதான் இருந்தது. அந்த வாரத்திலேயே முதல் தடவையாக நிம்மதியாக உட்கார்ந்து காப்பி குடித்தார். பாதி டம்ளர் குடிப்பதற்குள் எதிர்வீட்டில் டிரில்லிங் மிஷின் சத்தம் கேட்டது.

ஓடிப்போய் மதில்மேல் எட்டிப் பார்த்தார். முத்துச்செல்வம் தன் படகின் அடியில் துளை போட்டு, பைப் செருகி, ஒரு குழாயை மாட்டிக்கொண்டிருந்தான்.

"படகுக்கு எதுக்குங்க குழாய்?" என்றாள் ஆனந்தவள்ளி.

"சாரல்ல படகுக்குள்ள தண்ணி சேருமில்லா? ஊர்ல எல்லாவனும் வாளி வச்சுக் கோருதான். இவன் குழாயத் தொறந்து விட்டிருவான். எனக்குத் தோணலையே இது."

"அவியகிட்டயே போய்க் கேட்டுருங்களேன்."

"கேட்டா, நமக்குத் தெரியலைன்னு ஆயிரும்லா?"

முத்துச்செல்வம் வைத்தது அரை இஞ்சுக் குழாய். வேல்ராஜ் ஒன்றரை இஞ்சில் பித்தளைக் குழாயே வைத்தார். திருகுகிற பிடி, கைக்கு எட்டும்படி உள்பக்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை குளத்தில் நல்ல சாரல். முத்துச்செல்வம் வரவே இல்லை. பயந்துவிட்டான் என்று வேல்ராஜ் உள்ளுக்குள் குளிர்ந்துபோனார். சிவனணைந்தபெருமாள் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிப் படகில் ஏறினார். நடுக்குளத்துக்குப் போனதும் பலகையைத் தூக்கிப் பார்த்தார்.

"இம்புட்டுச் சுத்தமா நான் எந்தப் படகையும் பாத்ததில்ல வே. உம்ம படகையே சேத்துக்கிடுதேன். நாளைக்கே ஓட்டலாம்."

அத்தோடு கரைக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் முத்துச்செல்வத்தின் குழாய் வேல்ராஜின் கண்ணை விட்டுப் போகவில்லை.

"இன்னொண்ணு இருக்கு அண்ணாச்சி. வேற ஆளு அரை இஞ்சிதான் வச்சிருக்கான். இந்த மழைத்தண்ணி எப்படிப் போகுதுன்னு மட்டும் பாருங்க," என்று குழாயைத் திறந்தார்.

மழைத்தண்ணீர் போகவில்லை. குளம் உள்ளே வந்தது. பதறிப்போய் மூடப் பார்த்தபோது பிடி கையோடு வந்துவிட்டது. படகு அமிழ்ந்தது. சிவனணைந்தபெருமாள் இடுப்பளவுத் தண்ணீரில் கரைவரை நடந்து, வேட்டியைப் பிழிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"வே, இனிமே இந்தக் கொளத்துப் பக்கமே உம்மப் பாக்கப்பிடாது."

சாயங்காலம் குட்டியானை வண்டியில் படகு வீடு வந்து சேர்ந்தது. குழாயில் துணியை அடைத்திருந்ததால் உள்ளே இன்னும் தண்ணீர் நிறையக் கிடந்தது. வேல்ராஜ் நிமிரவே இல்லை. எதிர்வீட்டு வாசலில் முத்துச்செல்வத்தின் மனைவி சொக்கம்மாள் நின்றிருந்தாள். அவள் சிரிக்கப் போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். அவளோ கிட்டே வந்து, வெள்ளைப் பள்ளத்தையும் பித்தளைக் குழாயையும் எட்டிப் பார்த்துக் கவலையோடு கேட்டாள்:

"அண்ணாச்சி, உங்க தொட்டிக்கு மாடு எப்ப வருது? எங்க எருமை ரெண்டும் அந்தப் பெயிண்ட் வாடைக்குத் தண்ணியில வாயே வைக்க மாட்டேங்குது."